பெரிய புடலங்காய்!

யாராவது கோபத்தில் உங்களைப் பார்த்து 'இவன் பெரிய புடலங்காய்!' என்று சொன்னால், தயவுசெய்து சண்டைக்குப் போகாதீர்கள். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள். 28 நாடுகள் ஒன்றாகச் சேர்ந்து, கூட்டம் போட்டு, 'எங்கள் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது' என்று தடை செய்த காய் அது. உங்களையும் என்னையும் தடை செய்ய வேண்டுமென்றால் ஒரு பஞ்சாயத்து போர்டுகூடக் கூட்டம் போடாது!

விளையாட்டில்லை. 2014-ம் வருஷம் மே முதல் தேதியிலிருந்து, ஐரோப்பிய யூனியன் இந்தியாவிலிருந்து வரும் ஐந்து சரக்குகளுக்குத் தடை போட்டது. மாம்பழம், பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேம்பு இலை. படித்துப் பார்த்தால் அரசாங்க உத்தரவு மாதிரியா இருக்கிறது? கல்யாண சமையல்காரர் எழுதிக் கொடுத்த லிஸ்ட் மாதிரி இருக்கிறது.

மாம்பழக் கதை எல்லாப் பேப்பரிலும் வந்தது. அல்போன்ஸாவுக்காக லண்டனே கண்ணீர் விட்டது. பாகற்காய்க்காக ஒருவரும் அழவில்லை. அழுத ஓரிருவரில் அடியேன் ஒருவன். ஏனென்றால், அந்தச் சமயம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்ததே பாகற்காய்தான்.

*

சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட். அங்கே காய்கறி ஏற்றுமதி செய்யும் சின்ன கம்பெனி. மொத்தம் ஆறு பேர் ஸ்டாஃப். விசிட்டிங் கார்டில் என் பதவி 'டாக்குமென்டேஷன் எக்ஸிக்யூடிவ்'. நிஜத்தில் டைப் அடிக்கிற வேலை. சம்பளம் பதினோராயிரம்.

அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளைக்கு எங்க வேலை?" என்றார். "எக்ஸ்போர்ட்ஸ்ல இருக்கேன் ஸார்" என்றேன் கெத்தாக. "ஓ! கார்மென்ட்ஸா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லை ஸார், பாகற்காய்." அன்றைக்குக் காபி மட்டும் வந்தது. பஜ்ஜி உள்ளே போனது போனதுதான்.

ஆனால், வேலை சுவாரஸ்யமானது. காலையில் ஒட்டன்சத்திரம் பக்கம் பறித்த காய் சாயங்காலத்துக்கு மேல் லாரியில் வந்து இறங்கும். ஷெட்டில் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். கோணல் காய் கோயம்பேட்டுக்கு, நேர்க்காய் லண்டனுக்கு. அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஸ்டிக்கர் ஒட்டி, ராத்திரியே கார்கோவில் சேர்த்துவிட்டால் விடியற்காலை விமானத்தில் ஏறிவிடும். ஒட்டன்சத்திரத்தில் பறித்த காய் மறுநாள் ஈஸ்ட்ஹாம் கடைத் தட்டில் உட்கார்ந்திருக்கும். காய்க்குக் கொடுத்த விலையைவிட விமானக் கூலி அதிகம். பிளேனில் போன பாகற்காய்களைப் பார்த்து, அதுவரை பிளேனே ஏறாத நான் பொறாமைப்பட்டதுண்டு.

இந்தப் பயணத்துக்கு முக்கியமான காகிதம் ஒன்று உண்டு. எல்லோரும் செல்லமாக 'ஃபைட்டோ' என்பார்கள். செடிகொடிகளுக்கான நன்னடத்தைச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 'இந்தச் சரக்கைப் பரிசோதித்தோம், தடை செய்யப்பட்ட பூச்சிகள் இல்லை' என்று ஒரு நாட்டு அரசாங்கம் இன்னொரு நாட்டு அரசாங்கத்துக்குக் கொடுக்கும் வாக்கு அது. 1951-ல் உலக நாடுகள் கூடிப் போட்ட தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி நடக்கிற விஷயம்.

அதற்கான விண்ணப்பத்தை டைப் அடிப்பது நான். எப்படி அடிப்பேன் தெரியுமா? நேற்றைய ஃபைலைத் திறப்பேன். தேதியை மாற்றுவேன். கிலோவை மாற்றுவேன். பிரிண்ட் கொடுப்பேன். மூணு நிமிஷ வேலை. அந்த வேகத்தைப் பார்த்து முதலாளி ஒரு தீபாவளிக்கு எனக்குக் கூடுதலாக ஒரு சட்டைகூட எடுத்துக் கொடுத்தார்.

அதிகாரிகள் பரிசோதனைக்கு சாம்பிள் எடுக்கத்தான் செய்வார்கள். ஆனால், எந்தப் பெட்டி முன்னால் இருக்க வேண்டும் என்பது எங்கள் சூப்பர்வைசருக்குத் தெரியும். பெண் பார்க்க வரும் அன்றைக்குப் பக்கத்து வீட்டு சோபாவைக் கொண்டுவந்து கூடத்தில் போடுகிறோமே, அந்த டெக்னிக்தான்.

*

2013-லிருந்தே லண்டன் கடைக்காரரிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. யாழ்ப்பாணத்துக்காரர். தங்கமான மனிதர்.

"தம்பி, உங்கட பாவக்காய்க்குள்ள புழு கிடந்ததாம். ஏர்போர்ட்டிலயே முழுப் பெட்டியையும் அழிச்சுப் போட்டாங்கள். கூலியும் என்ர தலையில கட்டிப்போட்டாங்கள்."

பின்னாலேயே ஒரு மெயில் வரும். தேதி, பெட்டி எண், என்ன பூச்சி என்ற விவரம். நான் பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் நீட்டுவேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார். "சரி, ஃபைல்ல போடுப்பா" என்பார். நானும் 'லண்டன் - கம்ப்ளைன்ட்' என்று எழுதி வைத்திருந்த ஃபைலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அந்த வருஷத்தில் அப்படி ஐந்து காகிதங்கள் சேர்ந்தன. இந்த ஐந்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஷெட்டில் மட்டுமா? இந்தியா முழுக்க இருந்து போன பழம், காய்கறிகளில் 2013-ல் மட்டும் 207 சரக்குகளில் பூச்சி பிடிபட்டதாக ஐரோப்பிய கமிஷன் கணக்கு சொன்னது. 2014 மார்ச் 26-ம் தேதி அவர்களுடைய கமிட்டி கூடியது. மே 1 முதல் 2015 டிசம்பர் வரை தடை என்று முடிவாயிற்று. இந்தியாவிலிருந்து போகும் மொத்தப் பழம், காய்கறியில் இந்த ஐந்தும் சேர்ந்து 5 சதவிகிதம்கூட இல்லை என்று ஆறுதலும் சொன்னார்கள். 'உன் உடம்பில் சுண்டுவிரல் 5 சதவிகிதம்கூட இல்லையே' என்கிற மாதிரி! அந்த 5 சதவிகிதத்திலேயே முழுசாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது 100 சதவிகிதம்.

*

'ஒரு ஈக்காக இவ்வளவு அலட்டலா?' என்றுதான் ஷெட்டில் அன்றைக்குப் பேசிக்கொண்டோம். 'வெள்ளைக்காரன் பொறாமை' என்றார் டிரைவர். பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

அது நம் வீட்டில் சாம்பார் வாளியைச் சுற்றுகிற ஈ இல்லை. பழ ஈ என்று தனி ஜாதி. பெண் ஈ, பிஞ்சுக் காயின் தோலில் ஊசி மாதிரி குத்தி உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியில் ஒரு குண்டூசிப் புள்ளிதான் தெரியும். பாகற்காயின் முள்ளுக்கும் மேட்டுக்கும் நடுவில் அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க ஷெர்லாக் ஹோம்ஸ் வேண்டும். பெட்டியில் ஏறும்போது முட்டை. லண்டனில் இறங்கும்போது புழு. எங்கள் சரக்கிலேயே இலவசமாகப் பயணம் செய்து, போகிற வழியில் வளர்ந்தும் விடுகிற பயணி!

பிரிட்டனில் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் தக்காளியும் வெள்ளரியும் வளர்க்கிறார்கள். அந்த சாலட் தொழிலின் மதிப்பு 32 கோடியே 10 லட்சம் பவுண்டு என்று அவர்கள் அரசாங்கம் சொன்னது. கூடாரத்துக்குள் நம்ம ஊர் சூடு. உள்ளே ஒரு ஜோடி ஈ புகுந்தால் போதும். அன்றைக்கு பிரிட்டன் இருந்த அதே யூனியனில்தான் ஸ்பெயினும் இத்தாலியும் இருக்கின்றன. அங்கே கூடாரமே தேவையில்லை. நம் வயலுக்கு வெளிநாட்டுப் பூச்சி வந்தால் நாம் சும்மா இருப்போமா? மாட்டோம். இந்தியாவும் அதே மாதிரி காகிதம் கேட்கத்தான் செய்கிறது.

ஆக, அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் 'ஃபைல்ல போடுப்பா' இருந்தது.

*

இந்திய அரசாங்கமும் அதே ஏப்ரல் 1 முதல், அங்கீகாரம் பெற்ற பேக்கிங் நிலையங்கள் வழியாகத்தான் ஐரோப்பாவுக்குப் பழம், காய்கறி போகலாம் என்று விதி போட்டது. எங்கள் ஷெட்டுக்கு அங்கீகாரம் இல்லை. தரையில் ஓடு இல்லை, ஜன்னலில் வலை இல்லை. ஈ உள்ளே வரக்கூடாது என்று சொன்னால், முதலில் ஷெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஈயை வெளியேற்றவே ஒரு மாசம் ஆகும். மார்ச் கடைசி வாரத்தோடு முதலாளி லண்டன் சரக்கை நிறுத்திவிட்டார்.

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு விவசாயி. எங்களுக்கு ரெகுலராகக் காய் கொடுப்பவர். நான் அவரை அண்ணா என்பேன். என் வயசுக்கு இரண்டு மடங்கு இருக்கும் அவருக்கு. இருந்தாலும் எனக்கு 'ங்க' போட்டுத்தான் பேசுவார். முந்தின வருஷம் தீபாவளி சமயத்தில் அவர் எனக்குப் போன் செய்து கேட்டிருந்தார்:

"ஏனுங்க தம்பி, லண்டன் ஆர்டரு நிக்காம வருமுங்களா? இன்னொரு ஏக்கருக்குப் பந்தல் போடலாம்னு இருக்கேன்."

"தாராளமா போடுங்கண்ணா. சரக்கு பத்தலைன்னு முதலாளி கத்தறார்" என்றேன். பொய்யில்லை. சரக்கு பற்றவில்லைதான். மேஜையில் ஃபைல் இருந்தது. அதுவும் நிஜம்தான். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பந்தல் என்றால் கல்யாணப் பந்தல் இல்லை, மறுநாள் பிரித்துவிட. கல் தூண் நட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்துக் கட்டி, அதன்மேல் கொடியை ஏற்றிவிட வேண்டும். ஒரு ஏக்கருக்கு அவருக்கு ஆனது இரண்டரை லட்சம். பாதி, பெண்ணின் நகையை அடகு வைத்தது. லண்டன் காய்க்கு நாங்கள் கிலோவுக்கு 35 ரூபாய் கொடுத்தோம். உள்ளூர் மார்க்கெட்டில் அன்றைக்கு 14.

ஜனவரியில் விதை போட்டார். மார்ச் கடைசியில் முதல் பறிப்பு. சரியாக அந்த வாரம்!

"தம்பி, லாரி வரலீங்களே? காய் பழுத்துப் போயிருமுங்க."

என்ன சொல்வது? "அண்ணா... ஐரோப்பிய யூனியன்ல கமிட்டி..." என்று ஆரம்பித்தேன். எனக்கே கேவலமாக இருந்தது.

"அவிங்க யாருங்க?"

28 நாடுகள் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இருபத்தெட்டு நாடு சேர்ந்து நம்ம பாவக்காய்க்கா கூட்டம் போட்டுச்சு?" என்றார். சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

*

நஷ்டம் என்பது மாடிப்படியில் தண்ணீர் மாதிரி ஸார். மேலே கொட்டினாலும் கடைசிப் படியில்தான் தேங்கும்.

மேல்படி: லண்டன் கடைக்காரர். 'ஸாரி தம்பி' என்று சொல்லிவிட்டு வேறு நாட்டுக் காயைத் தேடிப் போனார். அடுத்த படி: எங்கள் முதலாளி. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பாங்க்கில் பேக்கிங் கிரெடிட் வாங்கியிருந்தார். லண்டனில் ஒன்பது லட்சம் பாக்கி நின்றது. தடை வந்த பிறகு பாக்கி வசூலிப்பது, விவாகரத்துக்குப் பிறகு மொய்ப் பணம் கேட்பது மாதிரி. ஆறு பேரில் இரண்டு பேரை அனுப்பிவிட்டு, துபாய், சிங்கப்பூர் பக்கம் திரும்பினார். ஏற்றுமதியாளருக்காவது இன்ஷூரன்ஸ் என்று ஒன்று உண்டு. 1957-ல் மத்திய அரசு ஆரம்பித்த ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனம் இருக்கிறது. வாங்குகிற நாடு திடீரென்று இறக்குமதித் தடை போடுகிற ஆபத்துக்கும் அவர்களிடம் பாலிசி உண்டு. சரக்கிலேயே கோளாறு என்றால் கிடையாது. புழு, சரக்கின் கோளாறு!

கடைசிப் படி: பந்தல்காரர். அவரிடம் ஆர்டர் காகிதம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. என் போன் பேச்சு மட்டும்தான் இருந்தது.

*

மாம்பழத்துக்கு என்ன ஆயிற்று? அதுதான் வேடிக்கை. பிரிட்டன் அப்போது வருஷத்துக்கு 1 கோடியே 60 லட்சம் இந்திய மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. லெஸ்டர் எம்.பி. கீத் வாஸ் குரல் கொடுத்தார். லண்டன் கடைக்காரர்கள் பேட்டி கொடுத்தார்கள். பிரதமர் கேமரன் வரை பேச்சு போயிற்று. இங்கேயும் சும்மா இல்லை. பேக்கிங் நிலையங்கள் சீர்செய்யப்பட்டன. பழத்தை 48 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் குளிப்பாட்டி அனுப்ப ஏற்பாடு ஆயிற்று. (நாம்கூட ஐப்பசியில் அவ்வளவு நேரம் குளிப்பதில்லை!) 2014 செப்டம்பரில் ஐரோப்பிய அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். திருப்தி. 2015 ஜனவரி 20-ம் தேதி மாம்பழத் தடையை எடுத்துவிட முடிவானது. அடுத்த சீசனுக்கு அல்போன்ஸா ஜம்மென்று லண்டனில் போய் இறங்கியது.

பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேம்பு இலை? தடை 2016 முடியும்வரை நீண்டது. மாம்பழத்துக்கு எம்.பி. இருந்தார். புடலங்காய்க்கு யார் இருக்கிறார்கள்?

மாம்பழத்துக்கு எப்போதுமே ராஜயோகம்தான். அமெரிக்கா 1989-ல் இதே மாதிரி பூச்சியைச் சொல்லி இந்திய மாம்பழத்தைத் தடுத்தது. 18 வருஷம் கழித்து, 2007 ஏப்ரலில் கதவு திறந்தது. பழத்தைக் கதிர்வீச்சு காட்டி அனுப்ப வேண்டும் என்று நிபந்தனை. அதே சமயம் ஹார்லி டேவிட்சன் மோட்டார் பைக்கை இந்தியாவுக்குள் விற்கவும் வழி பிறந்தது. மாம்பழம் அங்கே, மோட்டார் பைக் இங்கே! பழைய பேப்பருக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற வியாபாரத்தின் சர்வதேசப் பதிப்பு.

அப்படியும் காகிதம் விடுவதில்லை. 2025 மே மாதம் மும்பையில் கதிர்வீச்சு காட்டி விமானத்தில் போன 15 மாம்பழச் சரக்குகளை அமெரிக்க விமான நிலையங்களில் நிறுத்திவிட்டார்கள். பழத்தில் பூச்சி பிடிபட்டதால் இல்லை. பத்திரத்தில் கோளாறாம். 'திருப்பிக் கொண்டு போ, இல்லையென்றால் அழித்துவிடு' என்றார்கள். திருப்பிக் கொண்டுவரும் கூலிக்கு அங்கேயே அழிப்பது லாபம். சுமார் 5 லட்சம் டாலர் நஷ்டம் என்று ஏற்றுமதியாளர்கள் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு விரல் நடுங்கியது. டைப் அடிப்பவன் விரல் ஸார்!

*

'சரி, தடை என்றாலே பூச்சிதானா?' என்று கேட்பீர்கள். அங்கேதான் கதையின் வில்லன் வருகிறார்.

அதே 2014. உக்ரைன் விஷயத்தில் மேற்கு நாடுகள் ரஷ்யாவின் மீது பொருளாதாரத் தடைகள் போட்டன. ரஷ்யா ஆகஸ்ட் 1-ம் தேதி போலந்து நாட்டின் பெரும்பாலான பழம், காய்கறிகளுக்குத் தடை போட்டது. காரணம்? செடிநலச் சான்றிதழில் குறைபாடாம்! என் ஃபைட்டோ! ஒரு வாரத்துக்குள் முகமூடியைக் கழற்றிவிட்டார்கள். ஆகஸ்ட் 7-ல் ஐரோப்பிய யூனியன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நார்வே நாடுகளின் இறைச்சி, மீன், பால், பழம், காய்கறி எல்லாவற்றுக்கும் ஒரே போடாகத் தடை. ஒரு வருஷம் என்று ஆரம்பித்ததை வருஷா வருஷம் நீட்டிக்கொண்டே போனார்கள்.

உலகத்திலேயே அதிகமாக ஆப்பிள் ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு போலந்து. அதில் பாதிக்கு மேல் ரஷ்யாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அறுவடை நேரம் வேறு! மக்கள் 'ஆப்பிள் சாப்பிடுங்கள்' என்று இயக்கமே நடத்தினார்கள். தலைவர்கள் ஆப்பிள் கடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தேசபக்திக்காக ஜீரணக் கோளாறு வந்த ஒரே தேசம் அதுவாகத்தான் இருக்கும்.

நடுவில் இருக்கும் பெலாரூஸ் தடைப் பட்டியலில் இல்லை. திடீரென்று ரஷ்யக் கடைகளில் 'பெலாரூஸ் தயாரிப்பு' என்று சால்மன் மீனும் இறாலும் தலைகாட்டின. பெலாரூஸுக்குக் கடலே கிடையாது ஸார்! 2015 ஆகஸ்டில் ரஷ்ய அரசாங்கம், திருட்டுத்தனமாக உள்ளே வந்த பாலாடைக்கட்டியை புல்டோசர் விட்டு நசுக்கியது. விவசாயி ஒருவனின் வருஷ உழைப்பு டி.வி.யில் சட்னியாவதை ஊரே பார்த்தது.

பக்கத்தில் இலங்கைக்கு வாருங்கள். 2017 டிசம்பர். ரஷ்யாவுக்குப் போன தேயிலைச் சரக்கு ஒன்றில் ஒரு வண்டு கிடந்ததாம். தானியத்தைத் தின்கிற கப்ரா வண்டு. 18-ம் தேதியிலிருந்து இலங்கை விவசாயப் பொருள்கள் எதுவும் வேண்டாம் என்றது ரஷ்யா. தேயிலையை நம்பி மலையகத்தில் தினக்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! கொழும்பு ஆடிப்போயிற்று. அந்த ஜனவரியிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியைத் தடுக்க இலங்கை முடிவு செய்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் விற்பது ரஷ்யா. இலங்கை அந்த முடிவைத் தள்ளிவைத்தது. டிசம்பர் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பத்திரிகைகள் எழுதின. வண்டு என்ன நினைத்ததோ!

ஏவுகிறவனுக்கே இந்த அஸ்திரம் திரும்பி வருவதும் உண்டு. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததற்குத் தண்டனையாக, 1980 ஜனவரி 4-ம் தேதி, அமெரிக்க அதிபர் கார்ட்டர் சோவியத்துக்குப் போகவிருந்த 1 கோடியே 70 லட்சம் டன் தானியத்தை நிறுத்தினார். சோவியத் பட்டினி கிடந்ததா? அர்ஜென்டினா 'நான் இருக்கேன்' என்று ஓடி வந்து விற்றது. தவித்தது அமெரிக்க விவசாயிதான். அடுத்து வந்த ரீகன் 1981 ஏப்ரலில் தடையை எடுத்தார்.

ஆக, தடையில் இரண்டு ரகம். ஒன்று, நிஜப் பூச்சித் தடை. என்ன பூச்சி, எந்தப் பெட்டி, எதைச் சரிசெய்தால் கதவு திறக்கும் என்று சொல்லும். இன்னொன்று, பூச்சி வேஷம் போட்ட அரசியல் தடை. அது சரிசெய்ய வழி சொல்லாது, சரிசெய்தாலும் திறக்காது. தாவர, விலங்கு நலத் தடைகளுக்கு விஞ்ஞான ஆதாரம் வேண்டும் என்று 1995 முதல் உலக வர்த்தக அமைப்பில் ஒப்பந்தமே இருக்கிறது. இரண்டாவது ரகத்துக்கு விவசாயி ஒன்றும் செய்ய முடியாது. முதல் ரகத்துக்குச் செய்ய முடியும். யாராவது அவரிடம் சொன்னால்!

*

2018-ல் கல்யாணமான புதுசு. (ஆமாம், ஒரு வீட்டில் பஜ்ஜியும் கிடைத்தது.) அதற்குள் நான் வேலை மாறி, சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தேன். மனைவியோடு பழனிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஒட்டன்சத்திரத்தில் இறங்கி அவரைப் பார்க்கப் போனேன். நாலு வருஷமாகப் போக நினைத்து, தைரியம் இல்லாமல் தள்ளிப்போட்ட பயணம்.

பந்தல் நின்றது. அதன்மேல் பீர்க்கங்காய். "கேரளாக்காரன் எடுத்துக்கறான் தம்பி. விலை அப்பிடி இப்பிடித்தான்" என்றார். அடகு வைத்த நகையை மூன்று வருஷம் கழித்து மீட்டிருக்கிறார். பெண்ணுக்குக் கல்யாணம் அதனால் ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கிறது. திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். மோர் கொடுத்தார்.

"போன வருஷமே தடையை எடுத்துட்டாங்கண்ணா. இப்ப காய் போகுது" என்றேன்.

"அது இருக்கட்டுமுங்க. புழு இருக்குன்னு அவிங்க மொதமொதல்ல எப்பச் சொன்னாங்க?"

சொன்னேன். தடைக்கு ஒரு வருஷம் முன்னாலிருந்தே. ஐந்து தடவை. காகிதம் வந்தது. ஃபைலில் போட்டேன்.

அவர் எழுந்து போய்ப் பந்தலிலிருந்து ஒரு பாலித்தீன் பையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அங்கங்கே ஓட்டை போட்ட பை. உள்ளே கருவாட்டுத் தூள், மருந்து நனைத்த பஞ்சு. நாற்றம் தாங்காமல் என் மனைவி நாலடி பின்னால் போனாள். பையின் அடியில் செத்த ஈக்கள், ஒரு கைப்பிடி.

"ஏக்கருக்கு இருவது பை கட்டுனாப் போதும். ஆயிரம் ரூவாகூட ஆகாதுங்க. மொத்தமா ஒழியாது, ஆனா, பாதிக்கு மேல கொறையும். சொத்தைப் பிஞ்சைப் பொறுக்கிப் பொதைச்சா இன்னும் கொறையும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா..." என்று நிறுத்தினார். பிறகு அவரே, "உங்களைச் சொல்லி என்னுங்க பண்றது, தம்பி. உங்களுக்கு மேல இருக்கறவிங்க சொன்னதைத்தானே நீங்க செஞ்சீங்க" என்று எனக்கு சமாதானம் வேறு சொன்னார்.

திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நான் ஐந்து நிமிஷம் போனில் பேசியிருந்தால் 28 நாட்டுத் தடை நின்றிருக்குமா? நிச்சயம் நின்றிருக்காது. 207-ல் ஐந்து குறைந்தால் 202. ஆனால், அவர் இரண்டாவது பந்தல் போடுவதற்கு முன் யோசித்திருப்பார். நகை பெட்டியிலேயே இருந்திருக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கிளம்பும்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து பறித்து, நாலு அடி நீளத்தில் ஒரு புடலங்காயைக் கொடுத்தார். அதன் நுனியில், நேராக வளரக் கட்டிய கல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் அது எல்லார் மூக்கையும் இடித்தது. "ஸார், இதுக்கு லக்கேஜ் போடணும்போல இருக்கே" என்றார் கண்டக்டர்.

இப்போதும் எனக்குக் காகித வேலைதான். ஒரே ஒரு வித்தியாசம். 'கம்ப்ளைன்ட்' என்று எந்தக் காகிதம் வந்தாலும், ஃபைலில் போடுவதற்கு முன் அது யாருடைய கடைசிப் படி என்று தேடிப் பிடித்து ஒரு போன் போட்டுவிடுகிறேன். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. "உன் வேலையைப் பாருய்யா" என்கிறார். பக்கத்து ஸீட்காரர் போன வாரம் என் காதுபடவே, "இவன் பெரிய புடலங்காய்!" என்றார்.

காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.